வெயிலில் ஓடும் இதயம்: துடிப்பைக் கொண்டு பயிற்சியை அளப்பது எப்படி?

இராமநாதபுரம் கடற்கரையில் மண்டபத்திலிருந்து உச்சிப்புளியை நோக்கி ஓடுபவருக்கு ஏற்றம் இறக்கம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கே உழைப்பைக் காட்டிவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முகத்தில் அறையும்போது ஏழு நிமிடத்தில் கடக்கும் கிலோமீட்டரும், திரும்பி வருகையில் அதே காற்று முதுகைத் தள்ள ஏழு நிமிடத்தில் கடக்கும் கிலோமீட்டரும் உடலுக்கு ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை வேகக் கணக்கு காட்டாது, நாடித்துடிப்பு காட்டும்.

இதற்கான காரணம் இரத்த ஓட்டத்தில் இருக்கிறது. ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடித்து, ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியேற்றினால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ஆகிறது. கடும் ஓட்டத்தில் தசைகள் கேட்கும் ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்க இது 20 லிட்டர் வரை உயர வேண்டியிருக்கும். ஒரு துடிப்பில் வெளியேறும் அளவு, அதிகப் பயிற்சி இல்லாதவர்களிடம், அவர்களுடைய உச்ச உழைப்பின் பாதியை எட்டும்போதே ஏறக்குறைய நிறைவடைந்துவிடுவதால், அதற்கு மேற்பட்ட தேவையைப் பெரும்பாலும் துடிப்பின் எண்ணிக்கையே ஈடுகட்டுகிறது. துடிப்பும் ஆக்சிஜன் செலவும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் சேர்ந்து உயர்வது இதனால்தான். ஆயினும் உழைப்பு மாறியதும் துடிப்பு உடனே மாறிவிடுவதில்லை. நிலைகொள்ள ஒன்றிரண்டு நிமிடங்கள் பிடிக்கும். ஆகவே 200 மீட்டர் விரைவோட்டத்துக்கு இந்த அளவுகோல் பயன்படாது.

உச்சத் துடிப்பு, அதாவது இதயம் நிமிடத்துக்கு அதிகபட்சம் துடிக்கக்கூடிய எண்ணிக்கை, எவ்வளவு என்று தெரியாமல் எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை. 220-இல் வயதைக் கழிக்கும் சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்தது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வு, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிப்பது பொருத்தமானது என்றது. இரண்டுமே சராசரிகள், ஒரே வயதுடைய இருவரின் உச்சத் துடிப்பு 20 எண்கள் விலகியிருப்பது சாதாரணம். ஃபின்லாந்தின் ஆய்வாளர் கார்வோனென் 1957-இல் முன்வைத்த முறை, காலையில் எழுந்ததும் எண்ணும் ஓய்வுத் துடிப்பையும் கணக்கில் சேர்க்கிறது. முப்பது வயதுக்காரருக்கு இரண்டாவது சூத்திரப்படி உச்சம் 187, ஓய்வுத் துடிப்பு 60 என்றால், இடைவெளி 127. அதில் 60 முதல் 70 சதவீதத்தை எடுத்து 60-உடன் கூட்டினால், இலகுவான ஓட்டத்துக்கு 136 முதல் 149 வரை என்று வருகிறது.

இந்த எண்ணைப் பார்த்து நம் பகுதி இளைஞர்கள் பலர் சிரிக்கக்கூடும். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும் என்பதால், விடியற்காலையில் சாலையோரம் பயிற்சி எடுப்பவர்கள் நாள்தோறும் மூச்சிரைக்க ஓடுவதையே பயிற்சி என்று கொள்கிறார்கள். உடல் அப்படிக் கணக்கிடுவதில்லை. தசைக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுவது, நுண்ணிய இரத்த நாளங்கள் அடர்வது, ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தம் கூடுவது ஆகிய மூன்றும் இலகுவான நீண்ட ஓட்டத்திலேயே நன்றாக நடக்கின்றன. களைப்பும் குறைவு என்பதால் மறுநாளும் ஓடலாம். உலகத் தரத்திலான துடுப்புப் படகு வீரர்களும் பனிச்சறுக்கு வீரர்களும் தங்கள் பயிற்சி நேரத்தின் பெரும்பகுதியை இந்த எல்லைக்குள்தான் செலவிடுகிறார்கள். கடும் ஓட்டம் வேண்டும்தான். வாரத்தில் ஓரிரு நாள் போதும் என்பதே என் கருத்து.

கடற்கரைவாசிகள் முக்கியமாக அறிய வேண்டியது வேறொன்று. வேகத்தைக் கூட்டாமலே துடிப்பு ஏறிக்கொண்டு போகும். பத்தாவது நிமிடத்தில் 140 காட்டிய கைக்கடிகாரம், அதே வேகத்தில் ஐம்பதாவது நிமிடத்தில் 154 காட்டும்போது பழுதோ என்று பலர் அதைத் தட்டிப் பார்ப்பார்கள். பழுது இல்லை. உடல் சூடேறியதும் வெப்பத்தை வெளியேற்ற இரத்தத்தின் ஒரு பங்கு தோலுக்குத் திருப்பிவிடப்படுகிறது. வியர்வையால் இரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைவதால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவும் குறைகிறது. அந்தக் குறையை ஈடுசெய்யவே எண்ணிக்கை கூடுகிறது. ஈரம் நிறைந்த நம் கடற்காற்றில் வியர்வை ஆவியாகாமல் வெறுமனே சொட்டுகிறது. குளிர்ச்சி தராத வியர்வை வீண்செலவு. பனைமர நிழலில் கடிகாரம் காட்டும் வெப்பநிலை குறைவாக இருந்தாலும் இந்தப் புழுக்கம் விடுவதில்லை.

அந்த ஏற்றத்தைப் பொருட்படுத்தாமல் வேகத்தைப் பிடித்துக்கொள்வதா, துடிப்புக்கு அடங்கி வேகத்தைக் குறைப்பதா? குறைப்பதே சரி, சூட்டில் உடலின் உச்சத் திறனே இறங்கிவிடுவதால், கால்கள் அதே வேகத்தில் போனாலும் உழைப்பு உண்மையிலேயே கடுமையாகியிருக்கிறது. இரண்டு வாரம் தொடர்ந்து வெயிலில் அளவாக ஓடினால் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகி, அதே வேகத்துக்குத் துடிப்பு இறங்கும். வெளியூரிலிருந்து வருபவர்கள் முதல் வாரத்தில் தங்கள் பழைய வேகத்தை மறந்துவிடுவது நல்லது.

கருவியையும் முழுதாக நம்ப வேண்டாம். கைக்கடிகாரம் பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, இரத்தம் அதை உறிஞ்சும் அளவு மாறுவதைக் கொண்டு துடிப்பை ஊகிக்கிறது. வியர்வையில் பட்டை நெகிழ்ந்து ஆடினால் துடிப்புக்குப் பதிலாகக் காலடிகளை எண்ணிக்கொண்டிருக்கும். இலகுவாக ஓடும்போது திடீரென்று 170 காட்டினால் முதலில் பட்டையை இறுக்கிப் பார்க்க வேண்டும். இதயத்தின் மின் அதிர்வை நேரடியாகப் பிடிக்கும் மார்புப் பட்டை இதைவிட நம்பகமானது. எதுவும் இல்லையெனில், நின்றவுடனே மணிக்கட்டில் விரல் வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கலாம். தாமதித்தால் துடிப்பு விரைந்து இறங்கிவிடும்.

இரத்த அழுத்தத்துக்காகப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு மேற்சொன்ன சூத்திரங்கள் எவையும் பொருந்தா. அம்மருந்து துடிப்பையே அடக்கி வைக்கிறது. அவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டபின், உடன் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தை எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.