சுங்குடிப் புள்ளியும் ஃப்ளூ காய்ச்சலும்

"போன ஐப்பசியிலும் ஃப்ளூ, இந்த ஐப்பசியிலும் ஃப்ளூ. தட்டம்மை ஒருதரம் வந்தால் திரும்ப வராது என்கிறார்களே, இது மட்டும் ஏன் சார்?" என்று திருமங்கலத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மழையில் நனைந்ததும் தயிர் சாப்பிட்டதும்தான் காரணம் என்று வீட்டில் அடித்துச் சொல்கிறார்களாம். தயிரை விட்டுவிடலாம், பாவம்.

வைரஸ், ஆன்டிபாடி எல்லாம் பள்ளியில் படித்ததுதான். ஃப்ளூ வைரஸின் மேல் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் முள் முள்ளாக நிற்கும். அதன் நுனியிலுள்ள குழியால்தான் நம் செல்லைப் பிடிக்கிறது. தடுக்க வரும் ஆன்டிபாடியும் அந்தப் பக்கத்தில்தான் ஒட்டும். தட்டம்மை வைரஸ் தன் முள்ளை மாற்றினால் பிழைப்பே போய்விடும். ஃப்ளூவுக்கோ அது கைவந்த கலை; முள் மாறிவிட்டால் பழைய ஆன்டிபாடி சரியாக ஒட்டாது. 1968 முதல் மனிதரிடையே சுற்றிவரும் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை, 2003 வரை செய்த பெரிய வேஷமாற்றங்களுக்கு அந்தக் குழியை ஒட்டிய ஏழே இடங்கள்தான் பெரும்பாலும் காரணம்.

சரி, முள் எவ்வளவு மாறியது என்று அளப்பது எப்படி? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

1941இல் ஜார்ஜ் ஹர்ஸ்ட் கோழிக்கருவில் ஃப்ளூ வைரஸ் வளர்த்தபோது, ரத்தம் கலந்த இடத்தில் சிவப்பணுக்கள் திரண்டுகொள்வதைக் கவனித்தார். ஒரு வைரஸுக்கு நிறைய முட்கள். இந்த முள்ளில் ஓர் அணு, அந்த முள்ளில் இன்னோர் அணு என்று கோத்து வலையாக்கிவிடுகிறது.

இந்த வலையை வைத்துத்தான் அளக்கிறார்கள். 96 குழிகள் கொண்ட ஒரு தட்டு. குழியில் ரத்த அணுக்களை மட்டும் விட்டால், அரைமணி நேரத்தில் உருண்டு அடியில் சேர்ந்து சிவப்புப் பொட்டாக நிற்கும். வைரஸ் சேர்த்தால் வலை குழி முழுக்கப் பரவும், பொட்டு விழாது. பொருந்தும் ஆன்டிபாடியை முன்பே சேர்த்திருந்தால் முள் அடைபட்டு மறுபடியும் பொட்டு! தட்டைப் பார்த்தால் சுங்குடிச் சேலையை விரித்தது போலிருக்கும்.

ஃபெரட் என்ற, கீரி மாதிரியான பிராணிக்குப் பழைய வைரஸைத் தொற்றவைத்து, அதன் சீரத்தை (ஆன்டிபாடி உள்ள ரத்தத் தெளிநீரை) குழிக்குக் குழி பாதியாக நீர்த்துக்கொண்டே போவார்கள். உதாரணத்துக்கு, பழைய வைரஸுக்கு 1,280 மடங்கு நீர்த்தாலும் பொட்டு விழுகிறது. புதியதற்கு 160உடன் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று குழி தள்ளி, அதாவது எட்டு மடங்கு வித்தியாசம். அப்படியென்றால் வேறு ஆள் என்று கணக்கு. (இப்போதைய எச்3என்2க்குக் கோழி ரத்தம் சரிப்படவில்லை, கினிப்பன்றி ரத்தம் கேட்கிறது.)

இதைப் பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் வருடம் இருமுறை கூடித் தடுப்பூசிக்கான வைரஸ்களை மாற்றுகிறது. ராக்கெட்டுக்குக் கைதட்டும் நாம், தொண்டைச் சளி சேகரித்துக் குழி எண்ணும் ஆட்களுக்கும் தடையில்லாமல் சம்பளம் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

அப்புறம் திருமங்கலத்துக்காரரே, ஃப்ளூவில் ஏ, பி என இரண்டு பெரிய வகை உண்டு. போன வருடம் ஒன்று, இந்த வருடம் மற்றது என்றும் இருக்கலாம். அதுசரி, இரண்டு தடவையும் ஃப்ளூதான் என்று சோதித்துச் சொன்னார்களா, இல்லை நீங்களே வைத்த பெயரா?