கடைசியாகக் குடித்த நாள்

"குடிநோயாளிகள் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு கதை சொன்னால் குடி நின்றுவிடுமா? நாலு பேர் முன்னால் மானம் போவதுதானே மிச்சம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் பேசிக்கொண்டதில் பிறந்தது அவர் சொல்லும் இந்த வட்டம்; ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று பெயர். முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன்: அங்கே கதை இந்த வரிசையில்தான் போகும். 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் குழு 27 ஆய்வுகளை அலசியது. குடியை முழுதாக விடுவதில் இந்த வழி மற்ற சிகிச்சைகளுக்குச் சளைத்ததல்ல, சிலவற்றைவிட மேல் என்றே தெரிந்தது. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அவருக்கு முதலில் மருத்துவர், அப்புறம்தான் கதை.

சரி, மானத்துக்கு வருவோம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜெசிகா டிரேசியின் குழு, புதிதாகக் குடியை விட்டவர்களிடம் கடைசியாகக் குடித்து வருந்திய சம்பவத்தைச் சொல்லச் சொல்லி வீடியோ எடுத்தது. கவனித்தது உடம்பை: தோள் தொங்குகிறதா, மார்பு ஒடுங்குகிறதா? 2013இல் வந்த முடிவு இது: அப்படிக் குறுகிப்போனவர்களே சில மாதங்களில் மறுபடி அதிகம் குடித்தார்கள். 'வெட்கப்படுகிறேன்' என்று வாயால் சொன்னதை வைத்து இதைக் கணிக்க முடியவில்லை!

'செய்தது தப்பு' என்பவன் சரிசெய்யப் பார்ப்பான். 'நானே தப்பு' என்பவன் ஒளியப் பார்ப்பான். ஒளிய அவனுக்குத் தெரிந்த இடம் பாட்டில். ஆனால் "மனைவியின் தாலியை அடகு வைத்தேன்" என்று இந்த வட்டத்தில் ஒருவர் சொன்னால் யாரும் அதிர்வதில்லை. அதையே செய்த இன்னொருவர் தலையாட்டுகிறார். ஒளிய வேண்டிய அவசியம் அங்கேயே பாதி போய்விடுகிறது.

அதே 2013இல் டிரேசியும் வில்லியம் டன்லப்பும் கதையின் போக்கையும் பார்த்தார்கள். "வேலை போச்சு, எல்லாம் முடிஞ்சுது" என்று கதையை முடித்தவர்களைவிட "வேலை போச்சு, அன்னிக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது" என்ற ரீதியில் சொன்னவர்களில்தான் குடியைத் தொடாமல் இருந்தவர்கள் அதிகம். கதைதான் காரணமா, தேறி வருபவர்கள் இயல்பாகவே அப்படிச் சொல்கிறார்களா என்பது இதை மட்டும் வைத்துத் தீராது.

கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு விரதம் இருப்பவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் கயிற்றுக்குக் காது கிடையாது. டாஸ்மாக் வருமானத்தில் ஒரு துளி ஒதுக்கினால் நம்மூர்க் கதைகளையும் இப்படி வீடியோ எடுத்துப் பார்க்கலாம். இங்கே வெட்கம் தோளில்தான் தெரியுமா, தோள் துண்டு இடுப்புக்கு இறங்குவதில் தெரியுமா?