ஆட்ஸ் என்றால் முரண்பாடு அல்ல, பந்தய வீதம்

கிருஷ்ணகிரி பஸ் நிலையத்துக்கு அருகில் தட்டச்சு, அச்சுக் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு கல்லூரி மாணவர் பிரிட்டனின் விலை ஒப்பீட்டுத் தளங்களைப் பற்றிய கட்டுரையை அச்செடுக்கக் கொண்டுவந்தார். நான்காம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: 'முரண்பாடுகள் ஒப்பீட்டுச் சேவைகளைப் பயன்படுத்திச் சிறந்த முரண்பாடுகளைப் பெறலாம்.'

"தம்பி, யாருக்கும் யாருக்கும் முரண்பாடு?" என்றேன்.

"எல்லா இடத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள் அண்ணா."

உண்மைதான். இணையத்தில் விளையாட்டுப் பந்தயம் பற்றித் தமிழில் எதைத் திறந்தாலும், ஆங்கிலத்தின் 'ஆட்ஸ்', அதாவது கட்டும் பணத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று பந்தய நிறுவனம் சொல்லும் எண், வர வேண்டிய இடத்தில் இந்த முரண்பாடு வந்து நிற்கிறது.

ஆங்கிலத்தில் 'ஆட்' என்பது இணை சேராத ஒற்றை. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அதன் பன்மையான 'ஆட்ஸ்' ஏற்றத்தாழ்வைக் குறித்து, பிறகு பந்தயத்தில் இரு தரப்பும் வைக்கும் தொகைகளின் ஏற்றத்தாழ்வுக்குப் பெயராயிற்று. இருவர் 'அட் ஆட்ஸ்' என்றால்தான் முரண்பட்டு நிற்கிறார்கள் என்று பொருள். மொழிபெயர்ப்பு இயந்திரம் அந்தத் தொடரின் பொருளைப் பந்தயத்தின் தலையில் கட்டிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் முரண்பாடு அபத்தம் என்பது படித்தவுடன் தெரிந்துவிடும். எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் 'வாய்ப்பு விகிதம்' என்ற சொல்லாக்கத்தின் மேல். பார்க்க ஒழுங்காக இருக்கிறது, படித்தவர்களும் எழுதுகிறார்கள்; பொருளோ தவறு. ஒரு கிரிக்கெட் போட்டியில் இரண்டு அணிகளுக்கும் 1.90 என்று ஒரு பந்தய நிறுவனம் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ரூபாய் கட்டி வென்றால் கட்டிய பணத்தையும் சேர்த்து 190 ரூபாய் கிடைக்கும். இதை வாய்ப்பாக மாற்ற 1-ஐ 1.90-ஆல் வகுத்தால் 52.6 விழுக்காடு. இரண்டு அணிக்கும் கூட்டினால் 105-க்கு மேல் போகிறது. எந்த ஆட்டத்திலாவது வெற்றி வாய்ப்பு நூற்றைத் தாண்டுமா? தாண்டிய அந்த ஐந்து சொச்சம்தான் நிறுவனத்தின் லாபம். 'வாய்ப்பு' என்று எழுதியவர் அந்த லாபத்தை வாசகரின் கண்ணிலிருந்து மறைத்துவிட்டார். வாசகர் அந்த எண்ணை அணியின் பலம் என்று நம்புகிறார். அதுவோ நிறுவனம் கேட்கும் விலை. 'நிகழ்தகவு' என்று எழுதுபவர்களுக்கும் இதே பதில்தான். அது நல்ல சொல், கணக்குப் புத்தகத்தில் அதற்கு வேலை இருக்கிறது.

விலை என்று புரிந்துகொண்டால் ஒப்பீடும் விளங்கிவிடும். எங்கள் ஊரில் மாங்காய்ப் பருவத்தில் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டெம்போவை விவசாயி கண்ட மண்டியில் இறக்கிவிடுவதில்லை. நான்கு மண்டிக்கும் மாம்பழக்கூழ் ஆலைக்கும் போன் போட்டு விலை கேட்கிறார். ஒப்பீட்டுத் தளமும் அந்த வேலையைத்தான் செய்கிறது: ஒரே ஆட்டத்துக்கு ஒருவர் 1.90, இன்னொருவர் 2.00 தருகிறார் என்று வரிசையாகக் காட்டுகிறது. 1.90-இல் கையைக் கடிக்காமலிருக்க நூற்றுக்கு 53 முறை வெல்ல வேண்டும், 2.00-இல் 50 போதும். வித்தியாசம் அவ்வளவுதான். எந்த அணி வெல்லும் என்று அந்தப் பட்டியல் சொல்லாது. பல தளங்கள் நிறுவனங்களிடமே கமிஷன் வாங்குகின்றன என்பதையும் மாணவர் எழுதியிருக்கலாம். 2025 ஆகஸ்டில் நம் நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்துவிட்டது என்பதை ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பந்தயம் என்று பொருள்படும் 'ஒட்டம்' என்ற பழைய சொல்லை மீட்கலாம் என்பார்கள் தனித்தமிழ் அன்பர்கள். அழகான சொல்; ஆனால் அச்சிட்டால் பாதிப் பேர் 'ஓட்டம்' என்று படிப்பார்கள், மீதிப் பேர் எழுத்துப்பிழை என்பார்கள். பந்தயம் அப்படியல்ல. தெலுங்கில் பந்தெம், கன்னடத்தில் பந்த்ய. மூன்று மொழியும் புழங்கும் ஓசூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'ஆளுக்கு இரண்டு வீதம்', 'வட்டி வீதம்' என்று தினமும் சொல்கிறோமே, அந்த வீதத்தைப் பந்தயத்தோடு சேர்த்தால் போதும். ஊர்ப் பந்தயத்தில் 'ஒன்றுக்கு மூன்று' என்பதும் வீதம்தானே.

நான்காம் பக்கத்தை 'பந்தய வீத ஒப்பீடு' என்று திருத்தினேன். மாணவர் படித்துப் பார்த்துவிட்டு, "அப்படியானால் ஏழாம் பக்கத்தில் இருக்கும் 'வாய்ப்பு' என்ன அண்ணா?" என்றார். அங்கே பதினோரு இடம் இருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினோம்.