யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு: அதற்கு மேல் ஏன் கொடுக்கிறீர்கள்?

45 கிலோ யூரியா மூட்டையின் அதிகபட்ச சில்லறை விலை 266 ரூபாய் 50 காசு. வரியும் வேப்பெண்ணெய் பூசும் செலவும் இதற்குள் அடக்கம். மூட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. ஆனால் சம்பா நடவு முடிந்து மேலுரத்துக்கு ஆட்கள் அலையும் நாட்களில் டெல்டா ஊர்களில் கேட்டுப் பாருங்கள். ஒருவர் கூடுதல் பணம் கொடுத்திருப்பார். இன்னொருவர், "யூரியாவோட இதையும் தலையில கட்டிட்டாங்க" என்று ஒரு பாட்டிலைக் காட்டுவார். மூன்றாமவருக்கு உரமே கிடைத்திருக்காது. விதி என்ன சொல்கிறது என்று இந்த மூவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பின்னணி சுருக்கமாக. மானியம் இல்லாவிட்டால் இதே மூட்டை 2,000 ரூபாயைத் தாண்டும். அந்த வித்தியாசத்தை மத்திய அரசு உர நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. 2018 முதல் நாடு முழுவதும், கடையிலுள்ள பிஓஎஸ் மெஷினில் விற்பனை பதிவான பிறகுதான் அந்தப் பணம் போகிறது. அதனால்தான் உங்கள் ஆதாரும் கைரேகையும் கேட்கிறார்கள். மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. வரும் என்று சொல்லி யாராவது கணக்கு எண்ணைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

விலையில் நடக்கும் தில்லுமுல்லு

"இது வேம்பு பூசினது, அதான் கூட" என்பார்கள். 2015 முதல் மானிய யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியதுதான். பூசாத மலிவு ரகம் என்று ஒன்று கடையில் கிடையாது.

"வண்டி வாடகை, இறக்குக் கூலி" என்பார்கள். கடைக்கு மூட்டை வந்து சேர்ந்த செலவை உங்கள் தலையில் வைக்க முடியாது. உங்கள் வயல் வரை கொண்டுவந்து போட்டால் அந்த வாடகை வேறு கணக்கு. அதையும் உர பில்லில் கலக்கக் கூடாது.

இன்னொன்று, 50 கிலோ மூட்டை 2018-லேயே 45 கிலோ ஆகிவிட்டது. பழைய பழக்கத்தில் "ஏக்கருக்கு ரெண்டு மூட்டை" என்று கணக்கு வைத்திருப்பவர்கள் அளவைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இவற்றை எல்லாம்விடப் பெரிய தொல்லை இணைப் பொருள். யூரியா வேண்டுமென்றால் துத்தநாகமோ, கடல்பாசிச் சாறோ, நுண்ணூட்டக் கலவையோ, இலையில் தெளிக்கும் திரவமான நானோ யூரியா பாட்டிலோ சேர்த்து வாங்க வேண்டும் என்பார்கள். அரை லிட்டர் நானோ பாட்டில் 225 ரூபாய், அதற்கு மானியம் கிடையாது. நான்கு மூட்டைக்கு ஒரு பாட்டில் என்று கட்டினாலே ஒரு மூட்டைக்கு 56 ரூபாய் கூடுகிறது. விலைப் பலகையில் மட்டும் 266.50 என்றே இருக்கும். கட்டாயப்படுத்தி இணைப் பொருள் விற்கக் கூடாது என்று மத்திய, மாநில அரசுகள் திரும்பத் திரும்ப அறிக்கை விடுகின்றன. அறிக்கை வருகிறது, பாட்டிலும் வருகிறது. கடைக்காரரைக் கேட்டால், "மேலேயிருந்தே அப்படித்தான் அனுப்புறாங்க" என்பார். பல இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். அது அவருக்கும் மொத்த விற்பனையாளருக்கும் உள்ள பிரச்சினை. அதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. ஒருவேளை வாங்கியே தீர வேண்டிய நிலை வந்தால், அந்தப் பொருளுக்கும் பெயர் போட்டு, அதே தேதியில் பில் கேட்டு வாங்குங்கள். பிறகு புகார் கொடுக்க அதுதான் ஆதாரம்.

மெஷின் முன்னால் நிற்கும்போது

ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்புவது சகஜம். மண்ணிலும் சேற்றிலும் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? பத்து விரலில் எதை வைத்தாலும் சரி, கட்டைவிரல்தான் வேண்டும் என்றில்லை. ஆதாரோடு இணைத்த செல்போனுக்கு ஓடிபி வரவழைத்துப் பதியும் வசதியும் இருக்கிறது. அதைச் சொன்னால், "அது வேலை செய்யாது" என்று பதில் வரும். ஒரு தடவை முயன்று காட்டச் சொல்லுங்கள். அதுவும் ஆகவில்லையா, வீட்டில் வேறொருவர் ஆதாரோடு போய் வாங்கலாம்.

"சர்வர் டவுன், மூட்டையை எடுத்துட்டுப் போங்க, அப்புறம் பதிஞ்சுக்கலாம்" என்பது உதவி போலத் தோன்றும். எடுக்காதீர்கள். அப்படி வெளியே போன மூட்டைக்குப் பிறகு யார் ஆதாரையாவது போட்டு நேர் செய்வார்கள். உங்கள் ரேகையை வைத்து நீங்கள் வாங்கிய மூன்றோடு இன்னும் பத்தைச் சேர்த்துப் பதிவதும் அதே வேலைதான். அதிகமாக வாங்கியவர்களின் பட்டியல் மாவட்ட நிர்வாகத்துக்குப் போகிறது. "இவ்வளவு யூரியா எதுக்கு வாங்கினீங்க?" என்று விசாரணை வரும்போதுதான் விஷயம் தெரியும். பிளைவுட் பசைக்கும் மற்ற ஆலை வேலைக்கும் மானிய யூரியா கடத்தப்படுவதால் இந்த விசாரணை வெறும் சடங்கு இல்லை. எனவே மெஷினிலிருந்து வரும் சீட்டை அங்கேயே வாங்கி, மூட்டை எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு நகருங்கள். செல்போனுக்கு எஸ்எம்எஸ் வந்தால் அழிக்காதீர்கள்.

யாருக்குக் கிடைக்கும், யாரைத் துரத்துகிறார்கள்

மெஷின் நில ஆவணத்தைக் கேட்பதில்லை. ஆதார் போதும். குத்தகைக்காரருக்கும் உண்டு, வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுபவருக்கும் உண்டு. ஆனால் தட்டுப்பாடு வந்த உடனே சிட்டா (நில உடைமைப் பதிவு) கொண்டுவா, அடங்கல் (விஏஓ தரும் சாகுபடிப் பதிவு) கொண்டுவா, ஏக்கருக்கு இத்தனை மூட்டைதான் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நிலம் பெயரில் இருப்பவருக்கு இது ஒரு நாள் அலைச்சலோடு போகும். வாய்மொழிக் குத்தகைக்காரருக்கு அப்படி இல்லை. அடங்கலுக்கு விஏஓவிடம் போனால், "நில உடைமையாளரைக் கூட்டிட்டு வாங்க" என்பார். உடைமையாளர் சென்னையில் இருப்பார், இல்லையென்றால் கையெழுத்துப் போட்டால் குத்தகை உரிமை கேட்டுவிடுவார்களோ என்று பயப்படுவார். 1969-லேயே குத்தகை உரிமைப் பதிவுக்குத் தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. இன்றைக்கும் பதிவாகாத குத்தகைதான் ஊரெல்லாம். இந்தச் சுற்றில் மாட்டுவதற்குப் பதில், "எந்த உத்தரவின்படி அடங்கல் கேட்கிறீர்கள், எழுத்தில் காட்டுங்கள்" என்று நிதானமாகக் கேளுங்கள். காட்ட ஒன்றும் இல்லையென்றால் பேச்சின் தொனி மாறும்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்தில் வேறு மாதிரி. பயிர்க்கடனில் ஒரு பகுதியைப் பணமாகவும் ஒரு பகுதியை உரமாகவும் தருவார்கள். கடனுக்கு உறுப்பினராக இருக்க வேண்டும், ஆவணங்களும் வேண்டும். அதில் தகராறு இல்லை. ஆனால் ரொக்கம் கொடுத்து யூரியா வாங்க வருபவரையும், "மெம்பர் இல்லையே" என்று திருப்பிவிடுவது நடக்கிறது. சங்கமும் உர உரிமம் பெற்ற சில்லறைக் கடைதான். அங்குள்ள மெஷினும் கேட்பது ஆதாரை, உறுப்பினர் எண்ணை அல்ல. கடனில் உரம் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணக்கில் ஏறிய மூட்டையும் கையில் வந்த மூட்டையும் ஒன்றா என்று அன்றே பாருங்கள். "மீதியை அடுத்த லோடு வந்ததும் வாங்கிக்கோங்க" என்றால், அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாத மீதி வராது.

புகார்

உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985 சொல்வது இது: கடையில் இருப்பும் விலையும் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். பில் கொடுத்தே ஆக வேண்டும். அச்சடித்த விலைக்கு மேல் விற்கக் கூடாது. மீறினால் அத்தியாவசியப் பொருட்கள் சட்டப்படி 3 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறைகூட உண்டு. நடைமுறையில் கடைக்காரர் பயப்படுவது சிறைக்கு அல்ல, உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்படுவதற்கு.

வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போனால் முதல் கேள்வி: "பில் எங்கே?" பில் தராததுதானே புகார் என்று சொல்லிக்கொண்டிருந்தால் மணி போய்விடும். இப்படிக் கேளுங்கள்: "இந்தத் தேதியில் என் ஆதாரில் இந்தக் கடையில் எத்தனை மூட்டை பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்." பதிவு இருந்தால் நீங்கள் வாங்கியது நிரூபணம். பதிவு இல்லையென்றால் மெஷினுக்கு வெளியே விற்றிருக்கிறார்கள், அதுவே தனி மீறல். எப்படியும் அவர்கள் விசாரித்தாக வேண்டும்.

"ஸ்டாக் இல்லை" என்று சொன்னால் தமிழக அரசின் உழவன் செயலியில் உர இருப்பைப் பாருங்கள். செயலியில் மூட்டை இருந்து கடையில் இல்லையென்றால், பதியாமல் விற்றிருக்கலாம், பதுக்கியும் வைத்திருக்கலாம். செயலித் திரையை அப்படியே படம் பிடித்து, கடையின் விலைப் பலகையையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பலகை இல்லையென்றால் பலகை இல்லாத சுவரை எடுங்கள்.

வட்டாரத்தில் கொடுத்தால் மாவட்டத் தரக் கட்டுப்பாட்டுக்குப் போ என்பார்கள், அங்கே போனால் வட்டாரத்தில்தான் கொடுக்கணும் என்பார்கள். இந்தப் பந்தாட்டத்தை ஆட வேண்டாம். மனுவை வட்டாரத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு, ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அந்த நகலை நீட்டுங்கள். முதல்வரின் உதவி மையம் 1100-க்கும் சொல்லலாம். மனு எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிசான் கால் சென்டர் 1800-180-1551 பயிர் ஆலோசனைக்கு நல்லது, கடைக்காரரை அது ஒன்றும் செய்யாது.

இவ்வளவு அலைந்து வாங்கியதை எப்படிப் போடுவது

கிடைக்காமல் கிடைத்த யூரியாவை மொத்தமாக விசிறிவிடுவதுதான் பாதிப் பேர் செய்வது. தாமதமாக வந்ததே, இனி எப்போது வருமோ என்ற பயம். நஷ்டத்தில் இரண்டாம் பாதி அங்கே தொடங்குகிறது.

டெல்டாவில் மத்திய, நீண்ட கால நெல் ரகங்களுக்கு, மண் பரிசோதனை இல்லாத இடத்தில், பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்குச் சுமார் 60 கிலோ. யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து, ஆக ஒரு மூட்டையில் 20.7 கிலோ. அடியுரமாக ஒரு மூட்டை டிஏபி போட்டிருந்தால் அதிலேயே 9 கிலோ வந்துவிடும், அதைக் கழியுங்கள். மீதிக்கு ஏக்கருக்கு இரண்டரை மூட்டை யூரியா போதும். இதை அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று நான்காகப் பிரிக்க வேண்டும். மேலுரம் ஒவ்வொன்றும் முக்கால் மூட்டை, அடியுரத்துக்குக் கால் மூட்டைக்கும் சற்றுக் கூட. ஒரே தடவையில் ஒன்றரை மூட்டை கொட்டினால் பயிர் கருகருவென்று நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். பின்னாலேயே இலைச் சுருட்டுப்புழுவும் புகையானும் குலைநோயும் வரும், கதிர் பிடித்ததும் மழைக்குச் சாயும். பூச்சிமருந்துக்குத் திரும்ப அதே கடைக்குத்தான் போக வேண்டும்.

அதைவிட நல்லது இலை வண்ண அட்டை, அதாவது இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்க எண்ணிட்ட பச்சைப் பட்டைகள் உள்ள அட்டை. நடவு செய்த 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, முழுதாக விரிந்த மேல் இலை பத்தை, உங்கள் உடல் நிழலில் வைத்து ஒப்பிடுங்கள். பார்க்க வேண்டிய பட்டை எண் வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலை அதற்குக் கீழே வெளிறியிருந்தால் மட்டும் யூரியா. விரிவாக்க மையத்தில் அட்டை கேளுங்கள், இல்லை என்பார்கள், மறுபடி கேளுங்கள்.

தண்ணீர் தேங்கி நிற்கும்போது போட்டால் பாதி காற்றோடும் வடிகாலோடும் போகும். நீரை வடித்து, சேறு சேறாக இருக்கும்போது போடுங்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் மூட்டையைப் பிரிக்காதீர்கள். காய்கறித் தோட்டத்தில் செடியின் தண்டை ஒட்டிக் கொட்டாமல், சற்றுத் தள்ளி மண்ணில் கிளறி மூடி உடனே தண்ணீர் விடுங்கள். மாடித்தோட்டக்காரர்கள் இலைவழியாகத் தெளிப்பதென்றால் லிட்டருக்கு 10 கிராம், மாலை நேரத்தில். அவர்களுக்கு ஒரு தகவல்: சில்லறையாக விற்க ஒவ்வொரு உரத்திலும் ஒரு மூட்டையைப் பிரித்து வைக்கக் கடைக்கு அனுமதி உண்டு. மூட்டை விலைப்படி கணக்குப் போட்டால் கிலோ 6 ரூபாய்கூட ஆகவில்லை.

கதிர் எல்லாம் வெளிவந்த பிறகு யூரியா வந்து சேர்ந்தால் போடாதீர்கள், எவ்வளவு அலைந்து வாங்கியிருந்தாலும் சரி. அடுத்த பட்டத்துக்கு ஆகும். தரையில் வைக்காமல் பலகை மேல், ஈரம் படாமல், வாய் கட்டி வையுங்கள். மாடு, ஆடு எட்டாத இடமாக இருக்கட்டும். காலி சாக்கை நக்கினாலும், யூரியா கரைத்த வாளியில் வாய் வைத்தாலும் விஷம் ஏறும். வயிறு உப்பி, நடுங்கி, நுரை தள்ளினால் நாட்டு வைத்தியம் தேடி நேரத்தைக் கழிக்காமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு போன் அடித்து, யூரியா தின்றது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.