1962 ஜனவரி 65

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அம்மாவுக்கு ஓர் உதவிக் கொடுப்பனவு கேட்டு, உள்ளூர் அமைப்பொன்று புதிதாகத் திறந்த ஒன்லைன் படிவத்தை நிரப்பியிருக்கிறார். அட்டையில் உள்ளபடியே எல்லாம் போட்டும் 'பிறந்த திகதி அடையாள அட்டை இலக்கத்துடன் பொருந்தவில்லை' என்று சிவப்பெழுத்து. மூன்று தரம் போட்டாலும் அதேதான். ஜனவரியில் பிறந்த சித்திக்குப் போயிற்று. 1964 மார்ச்சில் பிறந்த மாமாவுக்கும் போயிற்று. 1962 மார்ச் 5 இல் பிறந்த அம்மாவுக்கு மட்டும் ஏன் போகவில்லை என்பது கேள்வி. இடையில் பக்கத்து வீட்டு அக்காவின் பேச்சைக் கேட்டு எண்சாத்திரம் பார்ப்பவரிடமும் போய்வந்திருக்கிறார்கள். அவர் பெயரில் ஓர் எழுத்துச் சேர்க்கச் சொல்லி 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டாராம்.

விடை பெயரில் இல்லை, பெப்ரவரியில் இருக்கிறது. அதற்கு முதல் அந்தச் சிவப்பெழுத்து எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

அம்பாறைப் பக்கம் நெல் கொள்வனவு செய்யும் இடத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். மூட்டையை வாசலிலேயே குத்தி நெல்லெடுத்து ஈரம் பார்ப்பார்கள். 14 வீதத்துக்கு மேலே போனால் மூட்டை திரும்பிவிடும். களஞ்சியத்துக்குள் அடுக்கிய பிறகு ஈரம் பார்த்துப் பயனில்லை, பக்கத்து மூட்டையும் பூஞ்சணம் பிடித்திருக்கும். வலைச் செயலியிலும் இப்படி ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலில் நிற்பவர் கையிலுள்ள பட்டியல்தான் ஸ்கீமா. பெயர் கட்டாயம், தொலைபேசி இலக்கம் பத்துத் தானம், பிறந்த திகதி எதிர்காலத்தில் இருக்கக்கூடாது என்று தரவின் வடிவம் முழுவதையும் ஓரிடத்தில் எழுதிவைப்பது. உலாவியில் நடக்கும் சோதனை பயனருக்குச் செய்யும் உபகாரம், அவ்வளவுதான். படிவத்தைத் தொடாமலே சேர்வருக்கு, அதாவது தரவை வாங்கிவைக்கும் கணினிக்கு, நேரே தரவு அனுப்ப யாராலும் முடியும். ஆகவே அதே ஸ்கீமா சேர்வரிலும் ஓடவேண்டும். டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் ஒவ்வொரு தரவுக்கும் வகை எழுதியிருக்கிறோமே என்று சிலர் நிம்மதியாக இருப்பதுண்டு. அந்த வகைகள், நிரல் உலாவிக்குப் புரியும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு மாறும்போதே உதிர்ந்துவிடும். ஓடும் நேரத்தில் காவலுக்கு அங்கே யாரும் இல்லை.

ஸ்கீமாவை எழுதப் பல வழிகள் உண்டு. ஜேசன் என்பது செயலிகள் தரவைப் பரிமாறும் ஓர் எழுத்து வடிவம், ஜேசன் ஸ்கீமா என்பது அந்த ஜேசனிலேயே எழுதும் விதிப் பட்டியல். ஸ்கீமாக்கள் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்வதற்கும் ஒரு ஸ்கீமா இருக்கிறது, அது தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும். டைப்ஸ்கிரிப்ட்காரர் பலர் ஸொட் என்ற ஆயத்த நிரல் தொகுப்பை விரும்புகிறார்கள். எதை எடுத்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்: சின்னச் சின்ன ஸ்கீமாக்களைக் கோத்துப் பெரிய ஸ்கீமா. குடும்பத்துக்குள் உறுப்பினர், உறுப்பினருக்குள் விலாசம், விலாசத்துக்குள் தபால் இலக்கம். சரிபார்க்கும் நிரல் ஒவ்வொரு படியாக உள்ளே இறங்கும், போகிற வழியை நினைவில் வைத்துக்கொண்டு. பிழை கண்டால் 'தவறு' என்று மட்டும் சொல்லாது, 'உறுப்பினர்கள், 2, பிறந்த திகதி' என்று முழு வழியையும் சொல்லும். (0 இலிருந்து எண்ணும் உலகம் அது, 2 என்றால் மூன்றாமவர்.) அந்த வழியைப் பிடித்துத்தான் படிவம் சரியான பெட்டிக்குக் கீழே சிவப்பெழுத்தைப் போடுகிறது.

வடிவம் சரி என்பதற்காகப் பொருள் சரியாகிவிடாது. இனி அம்மாவின் அட்டைக்கு வருவோம்.

நமது இலங்கையின் பழைய அடையாள அட்டையில் ஒன்பது எண்களும், முடிவில் ஆங்கில வி அல்லது எக்ஸும். 2016 இலிருந்து பன்னிரண்டு எண்கள். இந்த வடிவத்தைச் சோதிக்க ஒரு வரி போதும். ஆனால் அந்த எண்களுக்குள் ஒரு பிறந்தநாள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பழைய அட்டையில் முதலிரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதனுடன் 500 கூடும். ஆகவே அந்த மூன்று எண்கள் 001 முதல் 366 வரை, அல்லது 501 முதல் 866 வரை இருக்கலாம். 400 என்று வந்தால் வாசலிலேயே திருப்பிவிடலாம்.

அம்மாவின் இலக்கம் 62565 என்று தொடங்குகிறது. 500 ஐக் கழித்தால் 65 ஆம் நாள். ஒரு தாளில் எண்ணிப் பாருங்கள்: ஜனவரி 31, பெப்ரவரி 28, கூட்டினால் 59. மார்ச் 5 என்பது 64 ஆம் நாள் அல்லவா? அட்டை 65 என்கிறது. அட்டை பிழையில்லை. அடையாள அட்டைக் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் 366 நாள், பெப்ரவரிக்கு எப்போதும் 29. மார்ச் 1 எந்த ஆண்டிலும் 61 தான். கணினி இல்லாமல் கையால் எண் போடுபவருக்கு இது எவ்வளவு வசதி என்று யோசியுங்கள். ஒரே ஒரு அட்டவணையைச் சுவரில் ஒட்டினால் எல்லா வருடத்துக்கும் போதும். எனக்கு இந்த விதியில் தனிப் பிரியம் உண்டு.

நிரல் எழுதுபவருக்கு இது தெரியாவிட்டால் என்ன நடக்கும்? ஜாவாஸ்கிரிப்டிடம் '1962 ஜனவரி 65' என்று எண்களைக் கொடுத்து ஒரு திகதியைக் கேட்டால் அது முகம் சுளிக்காது. ஜனவரியைக் கடந்து, பெப்ரவரியைக் கடந்து, மிச்சத்தை எண்ணி மார்ச் 6 என்று சிரித்த முகத்துடன் தரும். அம்மா போட்டது மார்ச் 5. சிவப்பெழுத்து.

சித்தி ஜனவரிக்காரி, பெப்ரவரி 29 வருமுன்னே பிறந்துவிட்டார். மாமா பிறந்த 1964 லீப் வருடம், இரண்டு கணக்கும் அங்கே ஒன்றுதான். சரி, இந்தப் பிழை இருந்தால் மார்ச் 1 இலிருந்து, சாதாரண ஆண்டில் பிறந்த எல்லோருக்குமே இடிக்கவேண்டுமே, நூற்றுக்கு 63 பேர்வரை? படிவம் திறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதை எழுதிய தம்பி எனக்குத் தெரிந்தவர், போன் எடுத்தேன்.

“என்ட அட்டைக்குச் சரியா வந்ததே அண்ணே.”

“எந்த வருசம் பொறந்த நீங்க தம்பி?”

“தொண்ணூற்றாறு.”

லீப் வருடம்! தன் அட்டை ஒன்றை மட்டும் வைத்துச் சோதித்திருக்கிறார். திருத்தம் சின்னது. மாதத்தையும் நாளையும் கண்டுபிடிக்க எப்போதும் 2000 ஆம் ஆண்டைக் கொடுக்க வேண்டும், அது லீப். 2000 ஜனவரி 65 என்றால் மார்ச் 5. பிறகு உண்மையான ஆண்டை ஒட்டிவிடலாம். கூடவே ஒரு சோதனையும் இலவசமாகக் கிடைக்கிறது: 1962 இல் 60 ஆம் நாள் என்று ஓர் இலக்கம் வந்தால் அது பொய், அந்த ஆண்டில் பெப்ரவரி 29 இல்லை.

இந்த 366 விதியை ஒவ்வொரு தம்பியும் தங்கச்சியும் தனித்தனியாக இடறி விழுந்துதான் கற்க வேண்டுமா என்பது என் ஆதங்கம். நம் அடையாள அட்டை, தொலைபேசி இலக்கம், தபால் இலக்கம் எல்லாவற்றுக்கும் ஒரு பொது ஸ்கீமாத் தொகுப்பு இருக்கலாம். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவர் நால்வருக்கு ஒரு சின்ன ஆய்வு நிதி கொடுத்தால் முடியும். மட்டக்களப்பின் தொலைபேசிக் குறியீடான 065 ஐ எண்ணாகச் சேமித்து முன்னாலுள்ள பூச்சியத்தைத் தொலைக்கும் செயலிகளும் அதோடு குறையும். இலக்கம் என்று பெயர் இருந்தாலும் தொலைபேசி இலக்கம் கூட்டிக் கழிக்கிற எண் அல்ல, எழுத்துச் சரமாகத்தான் வைக்கவேண்டும்.

மறுநாள் திகதிப் பெட்டி பச்சையாயிற்று. அடுத்த சிவப்பு பெயரில்! 'எழுத்துகள் மட்டும்' என்றது. அம்மாவின் பெயரைத் தமிழில் தட்டியிருந்தார்கள்.

இதில் தம்பியை நான் கடிந்துகொள்ள முடியாது. சில வருடங்களுக்கு முன் ஓர் இரத்ததான முகாமுக்குப் பதிவுப் பக்கம் எழுதியபோது நானும் இதே குழியில் விழுந்தேன். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் நியமமான யூனிகோட், ஒவ்வொரு குறிக்கும் ஒரு வகை கொடுத்திருக்கிறது. க, ச எல்லாம் 'எழுத்து' வகை. புள்ளி, கால், கொம்பு எல்லாம் முன்னுள்ள எழுத்தோடு சேரும் 'குறி' வகை. எழுத்து மட்டும் வரலாம் என்று விதி எழுதினால் புள்ளி வைத்த எவருக்கும் அனுமதியில்லை. நம்மில் புள்ளியோ காலோ கொம்போ இல்லாத பெயர் எத்தனை? நீளத்திலும் இதே கதைதான். மட்டக்களப்பு என்பது நமக்கு எட்டு எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்குப் பன்னிரண்டு. கொக்கட்டிச்சோலை இன்னும் வேடிக்கை. 'கொ' வை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் தட்டலாம். 'சோ' வும் அப்படியே. கண்ணுக்கு ஒரே ஊர், கணினிக்கு நான்கு ஊர். ஆகவே ஸ்கீமா ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரவேண்டும். யூனிகோடிலேயே அதற்கு வழி இருக்கிறது, ஒரு வரி வேலை.

தம்பி அன்று பின்னேரமே குறிகளையும் அனுமதித்தார், தலைப்பெழுத்துக்காக ஒரு முற்றுப்புள்ளியையும் சேர்த்தார். அம்மாவின் படிவம் போய்விட்டது. எண்சாத்திரக்காரர் பெயரில் ஓர் எழுத்துத்தான் கூட்டச் சொன்னார். கணினி அதில் முன்பே மூன்று கூட எண்ணியிருக்கிறது, காசும் கேட்கவில்லை.