ஐயாட்ரோஜெனிக்: மருத்துவவழித் தீங்கு

நோயால் அல்லாமல், அந்நோய்க்குச் செய்த மருத்துவத்தாலேயே நோயாளிக்கு நேரும் கேட்டை மருத்துவர்கள் 'ஐயாட்ரோஜெனிக்' என்னும் அடைமொழியால் சுட்டுவர். கிரேக்க மொழியில் 'ஐயாட்ரோஸ்' என்றால் மருத்துவர். 'ஜென்' என்பது பிறப்பைக் குறிக்கும் வேர். பீடியாட்ரிக்ஸ், சைக்கியாட்ரி ஆகிய சொற்களின் பின்பாதியில் இருப்பதும் இதே மருத்துவர்தான். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இச்சொல், மருத்துவர் சொன்ன சொல்லால் நோயாளி மனத்தில் எழும் அச்சத்தையும் அதனால் தோன்றும் அறிகுறிகளையுமே பெரிதும் குறித்தது. மருந்து, அறுவை, கருவி, மருத்துவமனைத் தொற்று என அதன் பொருள் விரிந்தது பிறகுதான்.

தமிழில் பலரும் இதை 'மருத்துவப் பிழை' என்று எழுதிவிடுகிறார்கள். இது பொருந்தாது. தவறான மாத்திரையை எடுத்துவந்த செவிலியர் கடைசி நொடியில் அதைக் கண்டுகொண்டால் அங்கே பிழை உண்டு, தீங்கு இல்லை; முதன்முறையாகக் கொடுத்த பெனிசிலின் எதிர்பாராத ஒவ்வாமையை உண்டாக்கினால் தீங்கு உண்டு, பிழை இல்லை. அளவிடும்போது இந்த வேறுபாடு பெரிதாகிறது. பிழையை எண்ணப் புகுந்தால் பெரும்பாலும் ஊழியர்கள் தாமாக எழுதித்தரும் அறிக்கைகளையே நம்ப வேண்டியிருக்கும். பழிக்கு அஞ்சுபவர் எழுதமாட்டார். தீங்கை எண்ணுபவரோ நோயாளியின் பதிவேட்டில் தடயம் தேடலாம்: மார்ஃபின் வகை வலிநீக்கிகளின் விளைவை முறிக்கும் நலாக்சோன் கொடுக்கப்பட்டிருந்தால், அவ்வகை மருந்து அளவு மீறியதா என்று பார்ப்பார். அமெரிக்க மருத்துவமனைகள் மூன்றில் இவ்வாறு தேடி 2011இல் வெளியான ஆய்வு, வழக்கமான முறைகள் கண்டதைப்போல் குறைந்தது பத்து மடங்கு தீங்குகளைக் கண்டது. கிடைக்கும் எண்ணிக்கையை 1000 படுக்கை நாள்களுக்கு (ஒரு நோயாளி மருத்துவமனையில் தங்கும் ஒரு நாள் ஒரு படுக்கை நாள்) எத்தனை என்று கணக்கிடுவதால், சிறிய மருத்துவமனை நல்லதாகவும் பெரியது கெட்டதாகவும் தோன்றும் மயக்கம் நேராது.

'மருத்துவரால் விளைந்த' என்று வேர்ச்சொல்லை அப்படியே பெயர்ப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. படுக்கைப்புண்ணுக்கும் உடலுக்குள் செலுத்தும் குழாயான கதீட்டர் வழித் தொற்றுக்கும் ஒரு மருத்துவரை மட்டும் கைகாட்ட முடியாது. ஆளை விட்டு வழியைச் சுட்டும் 'மருத்துவவழித் தீங்கு' என்பதே தகும். தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்தோறும் பரிசோதனைக்காக எடுக்கும் இரத்தத்தாலேயே நோயாளிக்கு இரத்தசோகை வருவதுண்டு. அப்பரிசோதனைகள் ஒவ்வொன்றும் தேவையானதாகவே இருந்திருக்கலாம். அதை மருத்துவப் பிழை என்றால் எவரும் ஏற்கமாட்டார். மருத்துவவழி இரத்தசோகை என்றால், எடுக்கும் இரத்தத்தின் அளவைக் குறைக்க முடியுமா, குழந்தைகளுக்கான சிறிய குப்பிகளே போதுமா என்று அந்தப் பிரிவிலேயே பேச்சு தொடங்கும்.