பெயர் இருந்தால் 'அவுட்டோகிராஃபோ' ஆகிவிடாது

பழைய இத்தாலிய ஓவியங்களைச் செப்பனிடுவது என் தொழில். இந்த மாதமும் ஒரு குடும்பம் மரப்பலகை ஓவியம் ஒன்றைக் கொண்டுவந்தது. கீழே பெயர் இருக்கிறது. ஆகவே அது அவுட்டோகிராஃபோ, அதாவது ஆசானே தன் கையால் தீட்டியது என்று நம்பிச் சேமிப்பையெல்லாம் கொட்டியிருக்கிறார்கள். விற்றவர் கொடுத்த தாளில் 'பொட்டேகா' என்றுதான் இருந்தது. பட்டறைப் படைப்பு. அந்தச் சொல்லை ஒருவரும் கவனிக்கவில்லை.

எத்தனை முறை சொல்வது? பெயர் வேறு, கை வேறு. வெனிஸில் ஜொவான்னி பெல்லினியின் பெயரைத் தாங்கிய மடோன்னா (கன்னி மரியாள்) ஓவியங்கள் பலவற்றை அவருடைய உதவியாளர்களே தீட்டினார்கள். பட்டறையின் பொறுப்பில் வெளிவந்தது என்பதற்கு அந்தப் பெயர் அடையாளம், அவ்வளவுதான். அன்று ஓவியம் வாங்கியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். ஆசானின் கைதான் வேண்டும் என்றால் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். 1445-இல் பியெரோ டெல்லா பிரான்செஸ்காவைத் தவிர வேறெந்த ஓவியரும் தூரிகை பிடிக்கக்கூடாது என்று சான்செபோல்க்ரோவில் நிபந்தனை போட்டார்கள். 1499-இல் ஒர்வியெத்தோ பேராலயத்தார் இன்னும் விவரமானவர்கள்: முகங்களையும், உருவங்களின் இடுப்புக்கு மேற்பட்ட பகுதிகளையும் சின்யொரெல்லியே தீட்ட வேண்டும் என்றார்கள். மற்றதை உதவியாளர்கள் தீட்டலாம் என்பது இருதரப்புக்கும் தெரிந்ததே.

லியொனார்டோவுடையது என்று 2017-இல் நியூயார்க்கில் 45 கோடி டாலருக்கு விலைபோன 'சால்வத்தோர் முந்தி' (உலக இரட்சகர்) என்ற ஓவியத்தில் கையெழுத்தே கிடையாது. 1958-இல் லண்டனில் அதே பலகை 45 பவுண்டுக்குப் போனது. அவர் கை அதில் எவ்வளவு என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அவுட்டோகிராஃபோ என்பது ஆய்ந்து சொல்லும் தீர்ப்பு. புதிய சான்று வந்தால் அது மாறும்.

பிற்காலத்தில் சேர்த்த பெயர்களும் உண்டு. எழுத்தின் வண்ணம் பழைய வெடிப்புகளுக்குள் வழிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். புற ஊதா ஒளியில் பழைய வார்னிஷின் மேல் எழுத்து கருமையாகத் தெரிந்தாலும் அப்படியே.

விற்பவர் தரும் தாளில் ஓவியர் பெயருக்கு முன்னால் நிற்கும் சொல்லைப் படியுங்கள். 'அட்ரிபுயிட்டோ' என்றால் அவருடையதாக இருக்கலாம் என்ற கருத்து. 'கோபியா' என்றால் நகல். இத்தாலியில் வணிகரிடம் வாங்கினால், படைப்பின் நம்பகத்தன்மையையும் கைமாறிய வரலாற்றையும் பற்றிய ஆவணத்தைக் கேளுங்கள். 2004-ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து: பெயர் தெளிவாகத் தெரியட்டும் என்று வீட்டிலேயே பஞ்சில் திரவம் நனைத்துத் துடைக்காதீர்கள். எழுத்தும் அதன் அடியிலுள்ள வார்னிஷும் போய்விட்டால், நாங்கள் சோதிப்பதற்கு எதுவும் மிஞ்சாது.